மலையிலுள்ள கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் மறைக்கல்வி கிடையாதா?

கேள்வி
எழுதியவர்: கடலோரத்துக்காரன், குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர். பணிமாற்றத்தின் காரணமாகக் கடந்த மே மாதம் குன்னூருக்குக் குடிவந்து, அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் மகளை மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். கற்பித்தலிலோ கவனிப்பிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் காலுறைகளைக் கழற்றிச் சன்னல் கம்பியில் காயப்போட்ட பிறகே முதல் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் ஐயம் வேறு. எங்கள் ஊரில் கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்தன. நண்பகலில் மூவேளைச் செப மணி ஒலித்தால் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு வகுப்பாகச் சிலுவைப்பாதைக்குப் போவோம். புதுநன்மைக்கான (முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான) வகுப்பையும் பள்ளி ஆசிரியையே எடுத்தார். இங்கோ மகளின் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் நான்கு பேர்தாம். காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு சிறு மன்றாட்டு, ஒரு குறள், அரசமைப்பின் முகவுரை ஆகியவை இடம்பெறுகின்றன. வாரத்தில் ஒரு பாடவேளை நன்னெறிக் கல்வி உண்டு. மறைக்கல்வி (கத்தோலிக்க சமயப் பாடம்) என்று தனியாக எதுவும் இல்லை. விசாரித்தபோது, அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் சட்டப்படி அதை நடத்த முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.

இது உண்மைதானா? உண்மையானால், வாசலில் நிற்கும் மாதா சுரூபத்தையும் பெயரையும் தவிர்த்து இப்பள்ளி எந்த வகையில் கத்தோலிக்கப் பள்ளி ஆகிறது? பிற சமயப் பிள்ளைகளோடு என் மகள் படிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அவளுடைய நெருங்கிய தோழி ஓர் இஸ்லாமியக் குழந்தைதான். வருகிற ஆண்டு அவள் புதுநன்மை வாங்க வேண்டும் என்பதால், அவளைத் தயாரிக்கப்போவது யார் என்ற கவலையோடு கேட்கிறேன்.

பதில்
எழுதியவர்: சட்டம் படித்தவன், உதகை

உங்களிடம் சொல்லப்பட்டது பாதியளவே சரி. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. உங்கள் மகளின் பள்ளி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனங்களுக்கு அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பொருந்தும். அங்கே நடக்கும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ ஒருவர் அவருடைய சம்மதம் இல்லாமல் பங்கேற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் சிறுவராயிருந்தால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். ஆகவே, விரும்பும் கத்தோலிக்கப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்த இப்பிரிவு தடையாக இல்லை. மற்றப் பிள்ளைகளை அதில் உட்காரவைப்பதைத்தான் அது தடுக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30ஆம் பிரிவு தருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சம்மதத்தின் எல்லை எதுவரை என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்வதுண்டு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கையின் பொருட்டுப் பாடாமல் இருந்தார்கள். அதற்காக அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அது செபத்தைப் பற்றிய வழக்கன்று. ஆனாலும், காலைச் செபத்தின்போது வாய்திறவாமல் நிற்கும் குழந்தையை ஓர் ஆசிரியர் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதிலிருந்து பாடம் கற்கலாம்.

முகவுரை வாசிப்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024ஆம் ஆண்டு தன் கல்வி நிறுவனங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், காலைக் கூட்டத்தில் முகவுரையை வாசிக்கச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. பிற சமய மாணவர்கள்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் பள்ளி அதைப் பின்பற்றுவதாக இருக்கலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தராதீர்கள் என்று அதற்குப் பொருள் கொள்வது மிகை.

பதில்
எழுதியவர்: ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

சகோதரருக்கு வணக்கம். நீங்கள் சேர்த்திருப்பதைப் போன்ற ஒரு பள்ளியில்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. இப்போதும் வாரத்தில் ஒருநாள் அங்கே கதை சொல்லப் போகிறேன். சட்டத்தை மேலே ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டதால், உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடற்கரைக்கும் எங்கள் மலைக்கும் இந்த விஷயத்தில் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. புனித சவேரியார் 1542இல் வந்து சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறையின் ஊர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தன. கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்து, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கும்படி அவர் அவர்களை அனுப்ப முடிந்ததற்குக் காரணம், அங்கே ஊர் என்பதும் திருச்சபை என்பதும் ஒரே மக்களாக இருந்ததுதான். மலையில் அப்படி ஓர் ஊர் எந்நாளும் இருந்ததில்லை. தொன்றுதொட்டு இங்கே வாழும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகியோருக்கு அவரவர் தெய்வமும் வழக்கமும் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்குச் சமவெளியின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் தன் மாரியம்மனையோ முருகனையோ வேளாங்கண்ணி மாதாவையோ உடன் கொண்டுவந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர், அவர்களிலும் சி.எஸ்.ஐ. சபையினரையும் பெந்தகோஸ்தே சபையினரையும் கழித்துப் பார்த்தால், உங்கள் மகளின் வகுப்பில் நான்கு பேர் இருப்பதே நல்ல எண்ணிக்கை என்பேன்.

ஆகையால் இந்த மலையில் அருட்சகோதரிகளின் பள்ளிகள் தொடக்கத்திலிருந்தே பிறருக்கும் சேர்த்துத் திறந்த பள்ளிகளாக இருந்தன. நாம் எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்) என்று சொல்லும் அருட்சகோதரிகளின் துறவற சபை உதகையில்தான் உருவானது. மதுரையிலிருந்து பிரிந்து உதகைக்கு வந்து சேர்ந்த சகோதரிகளை வைத்து, 1877 ஜனவரியில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் இசைவோடு அன்னை மேரி ஆஃப் த பேஷன் அதைத் தொடங்கினார். உதகை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) உருவானது 1955இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மறைமாவட்டம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சகோதரிகள் இங்கே இருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில், கத்தோலிக்கரல்லாத மாணவர்களும் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் உகந்தவை என்று தனியாகவே குறிப்பிடுகிறது. அந்த அறிக்கையும் பிற சமயங்களோடு திருச்சபைக்கு உள்ள உறவைப் பற்றிய அறிக்கையும் 1965 அக்டோபர் 28 என்ற ஒரே நாளில் வெளிவந்தவை.

இப்படிப் பட்டியலிட்டுக்கொண்டே போனால் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும் (பழக்கதோஷம்!). கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. நான் போகும் நாளில் பெரும்பாலும் கிச்சடியும் சாம்பாரும் இருக்கும். தட்டுகளை முன்னே வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகத் தரையில் அமர்ந்ததும், உணவுக்கு முன் நன்றி சொல்லும் பொறுப்பு அன்றன்று ஒரு பிள்ளையுடையது. கத்தோலிக்கக் குழந்தை சிலுவை அடையாளம் வரைந்து சொல்லும். மறுநாள் முறை வரும் பிள்ளை கைகூப்பி, "சாமி, எல்லாருக்கும் சோறு கிடைக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரும். ஒருமுறை, தன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்பதைச் செபத்துக்குள்ளேயே சொல்லிவிட்டாள் ஒரு சிறுமி. தலைமையாசிரியை, சகோதரிதான், அதைக் கேட்டு அன்று மாலையே பங்கின் (எங்கள் கோயில் வட்டாரத்தின்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசி, அரிசியும் பருப்பும் அந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகச் செய்தார். அந்தக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அன்று. அப்படியொரு கேள்வியை யாரும் எழுப்பவும் இல்லை. உங்கள் பள்ளி எந்த வகையில் கத்தோலிக்கப் பள்ளி என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மறைக்கல்விப் பாடவேளை எங்கள் பள்ளியில் முன்பு இருந்தது. மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போவார்கள். எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அது எப்படித் தோன்றும் என்பதை நாங்கள் முன்கூட்டி நினைத்துப் பார்க்கவில்லை. போகிற பிள்ளைகள் தங்களுக்கு ஏதோ தனிச் சலுகை என்று எண்ணினார்கள். இருக்கிற பிள்ளைகள், அங்கே மிட்டாய் தருகிறார்களா என்று விசாரித்தார்கள். பிறகு பங்குத்தந்தையோடு பேசி, ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய மறைக்கல்வியோடு அதை இணைத்துவிட்டோம். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். உங்கள் மகளும் குன்னூர்ப் பங்கின் ஞாயிறு வகுப்பிலேயே புதுநன்மைக்குத் தயாராகலாம்.

பதில்
எழுதியவர்: இரு பிள்ளைகளின் தாய், குன்னூர் அருகே

நாங்கள் படுகர் சமூகத்தவர். என் மகன் இதைப் போன்ற வேறொரு பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். நானும் என் அக்காவும் அங்கேதான் படித்தோம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேசினால் நல்லது என்று தோன்றியது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மறைக்கல்வி நடந்தால் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. கால அட்டவணையில் அதன் பெயரை எழுதி, யாருக்கு உரியது என்று சேர்க்கையின்போதே சொல்லி, எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். நன்னெறி வகுப்பு என்று அட்டவணையில் இருக்க, உள்ளே செபம் கற்பிக்கப்பட்டால்தான் சங்கடம். என் மகனின் முதல் வகுப்பில் அப்படி ஓர் ஆசிரியை இருந்தார். நான் நேரில் சென்று கேட்டவுடன் தலைமைச் சகோதரி அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

டிசம்பரில் குடில் கட்டுவதற்கு எல்லா வீடுகளிலிருந்தும் பாசி போகிறது. என் மகன் தன் மண் பசுமாட்டைக் கொடுத்துவிட்டு, அது குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதா என்று நாள்தோறும் பார்த்துவிட்டு வருகிறான். ஜனவரியில் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நாங்கள் போய்வந்த மறுநாள், வெள்ளை உடையில் போனதையும் காணிக்கை செலுத்தியதையும் வகுப்பின் முன் நின்று சொல்லும்படி ஆசிரியை அவனை அழைத்தார். இவ்விரண்டும் நடக்கிற பள்ளி என்பதால்தான் அரசுப் பள்ளி வீட்டுக்கு அருகிலேயே இருந்தும் இங்கே அனுப்புகிறோம்.

பதில்
எழுதியவர்: மறைக்கல்வி ஆசிரியன், கூடலூர் வட்டம்

கோத்தகிரி அம்மா அவர்களின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். அவர்களுடைய முடிவோடு மட்டும் உடன்பட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்பது நகரத்துப் பங்குக்குச் சரிப்படும். எங்கள் பகுதியில் பல தோட்டங்களின் சிற்றாலயங்களில் மாதத்துக்கு ஒருமுறைதான் திருப்பலி நடக்கிறது. பங்குக் கோயிலுக்கு வரப் பேருந்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது எப்போது வரும் என்பது ஓட்டுநருக்கே வெளிச்சம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை கொட்டும். மாலை வகுப்பு வைக்கலாமென்றால், இருட்டுவதற்குள் பிள்ளைகள் லயங்களுக்குத் திரும்பியாக வேண்டும். பாதையில் யானை நிற்கும் என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதன்று. ஆகவே வார நாள்களில் எங்கள் பிள்ளைகள் ஒன்றாகச் சேரும் இடம் பள்ளி ஒன்றுதான். அங்கிருந்த ஒரே பாடவேளையையும் எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியே இல்லாமல் போகிறது. சட்டம் அனுமதிக்கிறது, படுகர் சமூகத்துச் சகோதரியே ஆட்சேபம் இல்லை என்கிறார். நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? எழுந்து போகும் பிள்ளைகளால் வகுப்பில் ஏற்றத்தாழ்வு தோன்றுமென்றால், பாடவேளையைக் கடைசி மணிக்கு மாற்றலாம். அந்நேரத்தில் மற்றவர்கள் விளையாடப் போவார்கள், பொறாமைப்பட வேண்டியவர்கள் நம் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கூடலூர்ப் பக்கத்தில் சீரோ மலபார் வழிபாட்டு முறையைச் சேர்ந்த மலையாளக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுடைய ஞாயிறு மறைக்கல்வி ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒழுங்காக நடக்கிறது; பெற்றோர் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புகிறார்கள். நம் இலத்தீன் வழிபாட்டு முறைக் குடும்பங்களோ புதுநன்மை முடிந்த கையோடு பிள்ளைகளை டியூசனுக்குத் திருப்பிவிடுகின்றன. பள்ளியைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பேச வேண்டும்.

சகோதரருக்கு ஒரு குறிப்பு. புதுநன்மைக்குப் பிள்ளையைத் தயாரிக்கும் கடமையைத் திருச்சபைச் சட்டம் 914 முதலில் பெற்றோரிடமும், அடுத்துப் பங்குத்தந்தையிடமும் ஒப்படைக்கிறது. பள்ளி அதில் வரவில்லை. புத்தி விவரம் தெரிந்த வயதில், ஏறத்தாழ ஏழு வயதில், பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் அறிவித்தபோதும், பொறுப்புடையோரில் பெற்றோரையே முதலில் குறிப்பிட்டார். உங்கள் தெருவின் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) எது என்று கேட்டு அதில் சேருங்கள். அன்பியக் கூட்டம் வீட்டில் நடக்கும்போது நற்செய்தியைப் பிள்ளைகளை வாசிக்கச் செய்வது எங்கள் வழக்கம். ஓராண்டுப் பாடநூல் தராத பழக்கத்தை அது தருகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பள்ளித் தாளாளரைச் சந்தித்து 28ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டேன். தடை எதுவும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கற்பிக்க ஆள் இல்லாததே உண்மையான காரணமாம். இருக்கும் ஆசிரியைகளில் கத்தோலிக்கர் ஒருவர், அவருக்கும் முதலாம் வகுப்பின் ‘எண்ணும் எழுத்தும்’ அரசுத் திட்டப் பணியே நாள் முழுவதும் சரியாக இருக்கிறது. பங்கிலிருந்து யாராவது வந்தால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் தரத் தயார் என்றார். நானே வரலாமா என்று கேட்டதற்கு, பங்குத்தந்தையின் கடிதத்தோடு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட அனுமதி கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்த அனுபவம் எனக்குக் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்
எழுதியவர்: ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

மகிழ்ச்சி. கூடலூர் ஐயா சொன்ன கடைசி மணி யோசனை எங்களுக்கு அந்நாளில் தோன்றவே இல்லை. எங்கள் தலைமையாசிரியையிடமும் சொல்லிப் பார்க்கிறேன்.

மறைமாவட்டத்தின் மறைக்கல்விப் பாடநூல் பங்கில் கிடைக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து நடத்தத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் நற்செய்திக் கதைகளை மட்டும் சொல்லுங்கள். காணாமற்போன ஆட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள். செபங்களை மனப்பாடம் செய்விக்கும் வேலையை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் பெற்றோரும் சேர்ந்து சொல்வார்கள். நான்கு பிள்ளைகளின் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கித் தாளாளரிடம் கொடுத்துவையுங்கள்; கத்தோலிக்கக் குடும்பம்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

மகளுக்குத் திருமுழுக்கு உங்கள் ஊர்ப் பங்கில் நடந்திருக்கும். குன்னூர்ப் பங்கில் புதுநன்மைக்குப் பெயர் பதியும்போது திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஊர்ப் பங்கின் பதிவேட்டைப் பார்த்து எழுதி, முத்திரையிட்டு வாங்க வேண்டியது அது. கடைசி நேரத்தில் தொலைபேசியில் சொல்லி வரவழைக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவீர்களானால் அப்போதே வாங்கி வந்துவிடுங்கள்.